கொள்ளைநோயை வென்ற பினாங்கு மைந்தர் டாக்டர் வூ லியன் தே

மலேசிய மண்ணில் பிறந்து உலக வரலாற்றில் இடம்பிடித்தவர்களை எண்ணிப் பார்த்தால் அரசியல் தலைவர்களும் விளையாட்டு வீரர்களுமே முதலில் நம் நினைவுக்கு வருகின்றனர். மருத்துவர் ஒருவரின் பெயர் அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஆயினும், இன்று இருமல் வந்தவுடன் முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொள்ளும் ஒவ்வொருவரும் பினாங்கில் பிறந்த மருத்துவர் ஒருவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர்தாம் டாக்டர் வூ லியன் தே.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பல்கலைக்கழக வளாகங்கள் வெறிச்சோடின. முகக்கவசம், தனிமைப்படுத்தல், பயணத் தடை, உடல் வெப்பச் சோதனை ஆகிய சொற்கள் அன்றாடப் பேச்சில் புகுந்தன. இவையெல்லாம் புதியவை என்றே நம்மில் பலர் நினைத்தோம். ஆனால், ஏறக்குறைய 110 ஆண்டுகளுக்கு முன்பே, கடுங்குளிர் வாட்டிய வடகிழக்குச் சீனத்தில், 31 வயது இளைஞர் ஒருவர் இவை அனைத்தையும் ஒருசேர நடைமுறைப்படுத்தி, மூச்சுக்காற்றின் வழி பரவிய கொள்ளைநோய் ஒன்றை நான்கே மாதங்களில் அடக்கினார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

வூ லியன் தே 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தையார் சீனாவின் குவாங்டோங் மாநிலத்துத் தாய்ஷான் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். தாயார் மலாயாவிலேயே பிறந்து வளர்ந்த சீனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய குடும்பம் அது. செல்வச் செழிப்பு இல்லாவிட்டாலும் கல்விக்குக் குறை வைக்காத வீடாக அது இருந்தது.

1816இல் தொடங்கப்பட்ட பினாங்கு ஃபிரீ பள்ளியில் அவர் பயின்றார். அங்கு அவருடைய பெயர் ஞோ லியன் தக் என்று பதிவாகியிருந்தது. வூ லியன் தே என்பது அதே பெயரின் மாண்டரின் உச்சரிப்பு. பிற்காலத்தில் சீனாவுக்குச் சென்ற பிறகே இவ்வடிவம் நிலைத்தது. ஆங்கிலப் பள்ளியில் படித்த அவருக்கு மாண்டரின் மொழி அவ்வளவாகத் தெரியாது. முப்பது வயதை நெருங்கும் காலத்தில்தான் அம்மொழியைக் கற்கத் தொடங்கினார் என்பது மொழி மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தியாகும்.

அக்காலத்தில் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளின் தலைசிறந்த மாணவர்களுக்குப் பேரரசியார் உபகாரச் சம்பளம் வழங்கப்பட்டது. அதைப் பெறுபவர் இங்கிலாந்தில் மேற்கல்வி கற்கலாம். ஆண்டுக்கு ஓரிருவருக்கே கிட்டும் அவ்வாய்ப்பைத் தம் 17ஆம் வயதில் வென்ற வூ, 1896இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீன வம்சாவளி மாணவர் அவரே. இலண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் மருத்துவப் பயிற்சியை முடித்தபின் லிவர்பூல், பாரிஸ், ஜெர்மனியின் ஹாலே ஆகிய இடங்களில் ஆய்வுப் பயிற்சி பெற்றார். லிவர்பூலில் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரொனால்ட் ரோஸ், பாரிசில் பாஸ்டர் ஆய்வுக்கழகம் என்று, நுண்ணுயிர் அறிவியல் அப்போதுதான் மலர்ந்துகொண்டிருந்த இடங்களிலேயே அவருடைய இளமைக் காலம் கழிந்தது. பின்னாளில் அவருக்குக் கைகொடுத்ததும் அந்தக் கல்விதான்.

தாயகத்தில் கிடைத்த வரவேற்பு

1903இல் வூ மலாயா திரும்பினார். கேம்பிரிட்ஜ் பட்டமும் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களின் அனுபவமும் பெற்ற அவருக்கு அரசாங்க மருத்துவத் துறையில் உயர்ந்த பதவி கிடைத்திருக்க வேண்டும். ஆனால் கிடைக்கவில்லை. காலனித்துவ அரசின் மருத்துவச் சேவையில் உயர் பதவிகள் ஐரோப்பியர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. உள்ளூர்க்காரர் எவ்வளவு படித்திருந்தாலும் அவர்களுக்குக் கீழேதான் பணியாற்ற வேண்டும். கோலாலம்பூரிலுள்ள மருத்துவ ஆய்வுக்கழகத்தில் ஓராண்டுக் காலம் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய்ந்துவிட்டு, பினாங்கு திரும்பிச் சொந்தமாக மருத்துவத் தொழில் தொடங்கினார். அவருடைய மருந்தகம் சூலியா தெருவில் அமைந்தது. கடல் கடந்து வாணிகம் செய்ய வந்த தமிழ் முஸ்லிம்களாகிய சூலியாக்களின் பெயரைத் தாங்கிய அதே தெருதான் அது.

1905இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் ரூத், சரவாக்கின் சிபுவில் ஃபூச்சாவ் சீனர்களின் குடியேற்றத்தை உருவாக்கிய வோங் நாய் சியோங்கின் மகளாவார். சிங்கப்பூரின் புகழ்பெற்ற மருத்துவரும் சீர்திருத்தவாதியுமான லிம் பூன் கெங் இத்திருமணத்தின் வழி வூவுக்குச் சகலர் ஆனார்.

அக்காலத்துச் சீனத் தொழிலாளர்களைச் சீரழித்த அபின் பழக்கத்தை எதிர்த்து வூ கடுமையாகப் போராடினார். பினாங்கில் அபின் எதிர்ப்புச் சங்கத்திற்குத் தலைமை ஏற்றார். ஈப்போவில் ஆயிரக்கணக்கானோர் திரண்ட அபின் எதிர்ப்பு மாநாட்டை நடத்தினார். அபின் வரியோ அரசாங்க வருமானத்தின் பெரும்பங்காக இருந்தது. அபின் வணிகர்களும் செல்வாக்கு மிக்கவர்கள். அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. சிகிச்சைக்காக வாங்கி வைத்திருந்த ஓர் அவுன்ஸ் அபின் கரைசல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. உரிமமின்றி வைத்திருந்த குற்றத்திற்காக நீதிமன்றம் அவருக்கு 100 வெள்ளி அபராதம் விதித்தது. மேல்முறையீடும் தள்ளுபடியானது. அபினை ஒழிக்கப் போராடியவரே அபின் வைத்திருந்த குற்றவாளியாக நின்றார்.

இந்த அவமானம் பரவிய வேளையில்தான் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியான்ஜின் நகரிலிருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியின் துணை இயக்குநர் பதவி அது. 1908இல் வூ மலாயாவை விட்டுப் புறப்பட்டார்.

ஹார்பினில் பரவிய மர்ம நோய்

1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் மக்கள் கொத்துக் கொத்தாக மடியத் தொடங்கினர். முதலில் காய்ச்சல், பிறகு இருமல், பிறகு இரத்தம் கலந்த கோழை, அதன்பின் முகமும் உடலும் நீலம் பாரித்து மரணம் என்ற வரிசையில் நோய் மனிதரைக் கொண்டுபோனது. இருமல் தொடங்கியவர் இரண்டொரு நாளில் இறந்தார். பிழைத்தவர் என்று எவரும் இல்லை எனலாம்.

நோயின் தொடக்கம் மங்கோலியப் புல்வெளிகளில் இருந்தது. அங்கே தார்பகான் எனப்படும், அணில் இனத்தைச் சேர்ந்த பெரிய கொறிவிலங்கு வளைகளில் வாழ்கிறது. அதன் மென்மயிர்த் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. அப்புல்வெளிகளில் காலங்காலமாக வேட்டையாடிய மங்கோலியர்கள் நோயுற்று மந்தமாகத் திரியும் விலங்கைத் தொடமாட்டார்கள். ஆனால், ஷான்டோங் மாநிலத்திலிருந்து பிழைப்புக்காக வந்து குவிந்த ஏழைத் தொழிலாளர்களுக்கு அந்த வழிவழி அறிவு இல்லை. எளிதில் பிடிபட்டதையெல்லாம் அவர்கள் பிடித்தனர். இரவில் நெரிசல் மிகுந்த, காற்றோட்டமே இல்லாத விடுதிகளில் ஒருவர்மேல் ஒருவராகப் படுத்துறங்கினர். அங்கே ஒருவர் இருமினால் போதும், அனைவருக்கும் தொற்றியது. சீனப் புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் காலமாதலால் இரயில் பாதை நெடுகிலும் நோய் பயணம் செய்தது.

அன்றைய மஞ்சூரியா சீன மன்னராட்சிக்கு உட்பட்டதாயினும் அதன் இரயில் பாதைகளை வடக்கே இரஷ்யாவும் தெற்கே ஜப்பானும் கையில் வைத்திருந்தன. சீனாவால் நோயை அடக்க முடியாவிட்டால் அதையே காரணமாகக் காட்டி அந்நியப் படைகள் உள்ளே நுழையக்கூடும் என்ற அச்சம் பெய்ஜிங்கில் நிலவியது. ஆகவே, நோயைத் தடுப்பது மக்களின் உயிர்ப் பிரச்சினையாக மட்டுமன்றி நாட்டின் இறையாண்மைப் பிரச்சினையாகவும் இருந்தது. வெளியுறவு அமைச்சு வூ லியன் தேவை அழைத்தது. அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டு, ஒரு நுண்ணோக்கியையும் மூத்த மாணவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, 1910 டிசம்பர் 24ஆம் நாள் ஹார்பின் வந்து சேர்ந்தார். வெளியே பனிநிலைக்கும் பல பாகை கீழான குளிர். நகரை ஒட்டியிருந்த ஃபூஜியாதியன் என்ற சீனர் குடியிருப்பில் ஏறத்தாழ 24,000 பேர் வாழ்ந்தனர். அங்கே முறையான மருத்துவமனையும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை.

ஒரு பிரேதப் பரிசோதனை

நோயின் மூலத்தை ஆராய்ந்து அறிந்த பின்பே மருத்துவம் செய்ய வேண்டும் என்ற கருத்தை வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வலியுறுத்தியிருப்பதை நாம் அறிவோம். வூ செய்த முதல் வேலையும் அதுவே. ஆனால், இறந்தவரின் உடலை அறுப்பது அன்றைய சீனாவில் சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் எதிரானது. வந்து சேர்ந்த சில நாள்களில், விடுதி நடத்திய ஒருவரின் ஜப்பானிய மனைவி இந்நோயால் இறந்த செய்தி கிடைத்தது. அவ்வீட்டிலேயே, யாருக்கும் தெரியாமல், வூ பிரேதப் பரிசோதனை செய்தார். நுரையீரல், இதயம், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து எடுத்த மாதிரிகளை நுண்ணோக்கியின் கீழ் பார்த்தபோது பிளேக் நுண்ணுயிர் கூட்டங்கூட்டமாகத் தெரிந்தது.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பிளேக் என்றால் எலி என்பதே அன்றைய மருத்துவ உலகின் உறுதியான நம்பிக்கை. 1894இல் ஹாங்காங்கில் இந்நுண்ணுயிர் கண்டுபிடிக்கப்பட்டது. எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சி கடிப்பதால் நோய் பரவுகிறது என்பதும் சில ஆண்டுகளில் தெரியவந்தது. அக்குளில் அல்லது தொடையிடுக்கில் நெறிகட்டுவது அதன் அடையாளம். ஆனால் ஹார்பினில் இறந்தவர்களுக்கு நெறி கட்டவில்லை. ஜப்பானிய மருத்துவர் ஒருவர் நூற்றுக்கணக்கான எலிகளைப் பிடித்து அறுத்துப் பார்த்தும் ஒன்றில்கூட நுண்ணுயிர் அகப்படவில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த வூ, துணிச்சலான ஒரு முடிவுக்கு வந்தார். இது நுரையீரலைத் தாக்கும் பிளேக். எலியின் உதவியோ பூச்சியின் உதவியோ இதற்குத் தேவையில்லை. நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகளே மூச்சுக்காற்று வழியாக இதை மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொண்டு செல்கின்றன என்பதே அம்முடிவு.

முகக்கவசம்

காரணம் தெரிந்துவிட்டால் தடுப்பு முறையும் தெரிந்துவிடும். மூச்சு வழியே வரும் நோயை மூக்கிலும் வாயிலும்தான் தடுக்க வேண்டும். ஐரோப்பாவில் 1897 முதல் சில அறுவை மருத்துவர்கள் மெல்லிய வலைத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஆகவே முகக்கவசத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் வூ என்று கூறுவது பொருந்தாது. அறுவைச் சிகிச்சை அறைக்குள் இருந்த ஒன்றைச் செம்மைப்படுத்தி, ஒரு நகரமே அணியக்கூடிய கருவியாகத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் அவர் என்பதே சரி.

அவர் வடிவமைத்த கவசம் மிக எளியது. புண்ணுக்குக் கட்டும் வலைத்துணியை மூன்றடி நீளத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, நடுவில் பஞ்சுப் பட்டை ஒன்றை வைக்க வேண்டும். துணியின் இரு முனைகளையும் கிழித்து வால்களாக்கித் தலைக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். எங்கும் கிடைக்கும் பொருள், சில காசு விலை, யாரும் செய்துவிடக்கூடிய வேலை. மருத்துவர், தாதியர், காவலர், பிணம் சுமப்பவர், நோயுற்றோர், நோயுற்றோருடன் இருந்தோர் ஆகிய அனைவரும் இதை அணிய வேண்டும் என்று வூ வலியுறுத்தினார்.

அவரை எல்லாரும் நம்பிவிடவில்லை. உதவிக்கு வந்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்ட் மெஸ்னி, தியான்ஜினில் மருத்துவப் பேராசிரியர். வயதிலும் பதவியிலும் மூத்தவர். முன்பே பிளேக் நோயை எதிர்கொண்ட அனுபவம் உடையவர். தடுப்புப் பணிக்குத் தாமே தலைமை ஏற்க வேண்டும் என அவர் கருதினார். காற்று வழியே பிளேக் பரவும் என்ற கருத்தை ஏற்க மறுத்ததோடு, வூவின் இனத்தைச் சுட்டி இழிவாகவும் பேசினார். வூ அமைதியாக ஒதுங்கி, பதவி விலகத் தயார் என்று பெய்ஜிங்குக்குத் தந்தி அடித்தார். அரசாங்கமோ வூவின் பக்கம் நின்றது.

மனத்தாங்கலுடன் மெஸ்னி இரஷ்யர்களின் பிளேக் மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளைச் சோதித்தார். வெள்ளை அங்கி அணிந்திருந்தார், கையுறையும் அணிந்திருந்தார், முகக்கவசம் மட்டும் அணியவில்லை. சில நாள்களில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. 1911 ஜனவரி 11ஆம் நாள் அவர் இறந்தார். அனுபவம் மிக்க ஐரோப்பிய மருத்துவரே மாண்ட செய்தி ஹார்பினை உலுக்கியது. அதுவரை ஏளனம் செய்தவர்களும் முகத்தை மூடத் தொடங்கினர். தாம் சொன்னது மெய்யானதில் வூ மகிழ்ந்திருக்க முடியாது. கருத்து வேறுபாட்டிற்கு ஓர் உயிர் விலையானது.

அதே மாதம் முக்டன் நகரில் ஆர்தர் ஜாக்சன் என்னும் மருத்துவரும் உயிர் நீத்தார். இரயில் நிலையத்தில் தொழிலாளர்களைச் சோதித்துத் தனிமைப்படுத்தும் பணியில் ஈடுபட்டிருந்த அவருக்கு வயது 26 மட்டுமே. பல்கலைக்கழகப் படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆன வயது அது.

நகரை நான்காகப் பிரித்தார்

முகக்கவசம் மட்டும் போதாது என்பதை வூ நன்கறிந்திருந்தார். ஃபூஜியாதியன் நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவர் பொறுப்பேற்றார். மக்கள் தத்தம் வட்டாரத்துக்குரிய நிறத்தில் கைப்பட்டை அணிந்தனர். அனுமதியின்றி அடுத்த வட்டாரத்துக்குச் செல்ல முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் வரவழைக்கப்பட்டு நகரைச் சுற்றிக் காவல் நின்றனர். நாள்தோறும் வீடு வீடாகச் சென்று நோயாளிகளைத் தேடும் குழுக்கள் இயங்கின. நோய் கண்டவர்கள் பிளேக் மருத்துவமனைக்கும் அவர்களுடன் இருந்தவர்கள் தனி இடத்துக்கும் அனுப்பப்பட்டனர். இடம் போதாதபோது இரஷ்ய இரயில்வேயிடமிருந்து 120 சரக்குப் பெட்டிகளை இரவல் வாங்கி, அவற்றையே தனிமைப்படுத்தும் கூடங்களாக மாற்றினார். காலையும் மாலையும் உடல் வெப்பம் பார்க்கப்பட்டது. இரயில் பயணமும் கட்டுப்படுத்தப்பட்டது.

இந்நடவடிக்கைகளை மக்கள் முழுமனத்துடன் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. பெட்டிக்குள் அடைபட்டவர் நோயின்றி வெளியே வருவார் என்ற உறுதி இல்லை. குடும்பத்தைப் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சி நோயாளிகளை மறைத்தவர்கள் இருந்தனர். இறந்தவர்களை இரவோடு இரவாகத் தெருவில் வீசியவர்களும் இருந்தனர். பொது நலனுக்கும் தனிமனித உரிமைக்கும் இடையிலான இந்த இழுபறி நம் காலத்திலும் தீர்ந்துவிடவில்லை. வூ கடுமையைக் கைக்கொண்டார். அதே வேளையில் தனிமையில் இருந்தவர்களுக்கு வெப்பமூட்டும் அடுப்பும் உணவும் கிடைக்க ஏற்பாடு செய்தார்.

பிணங்களுக்கு வைத்த தீ

ஜனவரி இறுதியில் இன்னொரு பெரிய சோதனை எதிர்ப்பட்டது. கல்லறை நிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சவப்பெட்டிகளும் பிணங்களும் வாரக்கணக்கில் புதைக்கப்படாமல் வரிசையாகக் கிடந்தன. தரை பல அடி ஆழத்துக்கு உறைந்து பாறையாகிவிட்டதால் குழி தோண்ட இயலவில்லை. உறைந்த உடல்களில் நுண்ணுயிர் சாகாமல் இருக்கும். பனி உருகினால் மீண்டும் பரவக்கூடும்.

எரித்துவிடுவதே வழி. நம்மில் பலருக்கு இறந்தவரை எரியூட்டுவது இயல்பான சடங்கு. ஆனால் மூதாதையரைப் போற்றி, உடலைச் சிதையாமல் மண்ணில் வைப்பதையே பிள்ளைகளின் தலையாய கடமையாகக் கருதிய அன்றைய சீனச் சமுதாயத்தில் அது பெரும் பாவமாகத் தோன்றியது. அதிகாரியின் ஆணை ஒன்று மட்டும் போதாது. பேரரசரின் அனுமதி வேண்டும். வூ முதலில் உள்ளூர் அதிகாரிகளையும் பெரியவர்களையும் அழைத்துச் சென்று அக்காட்சியை நேரில் காட்டினார். அவர்களும் கலங்கிப்போய் அவருடன் சேர்ந்து விண்ணப்பித்தனர். அரசவை அனுமதி தந்தது. 1911 ஜனவரி 31ஆம் நாள், சீனப் புத்தாண்டுக்கு மறுநாள், மண்ணெண்ணெய் ஊற்றி அத்தனை உடல்களுக்கும் தீ மூட்டப்பட்டது.

அதன்பின் நாளுக்கு நாள் மரணங்கள் குறைந்தன. மார்ச் 1ஆம் நாள் ஹார்பினில் கடைசி நோயாளி பதிவானார். மஞ்சூரியா முழுவதும் ஏறக்குறைய 60,000 உயிர்களைக் குடித்த கொள்ளைநோய் அந்த வசந்த காலத்தில் ஓய்ந்தது. ஃபூஜியாதியனில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஐந்தில் ஒருவர் என்ற கணக்கு அது. அந்நோய்க்கு அன்று மருந்தே இல்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது. தடுப்பூசியும் ஊநீரும் பயன் தரவில்லை. நோயைக் குணப்படுத்தி அல்ல, பரவும் வழியை அடைத்தே அதை வென்றார்கள்.

உலக அரங்கில்

1911 ஏப்ரல் மாதம் முக்டனில் அனைத்துலகப் பிளேக் மாநாடு கூடியது. பதினொரு நாடுகளின் வல்லுநர்கள் வந்திருந்தனர். பிளேக் நுண்ணுயிர் ஆய்வில் உலகப் புகழ்பெற்ற ஜப்பானின் கிடாசாட்டோ உள்ளிட்ட மூத்த அறிவியலாளர்கள் அமர்ந்திருந்த அவையில் தலைவராக வீற்றிருந்தவர் 32 வயது வூ லியன் தே. தாயகத்தில் ஐரோப்பியருக்குக் கீழேதான் வேலை என்று சொல்லப்பட்டவர், எட்டே ஆண்டுகளில் ஐரோப்பிய அறிஞர்களின் அவைக்குத் தலைமை தாங்கினார்.

1912இல் அமைக்கப்பட்ட வட மஞ்சூரியப் பிளேக் தடுப்புச் சேவைக்கு அவர் இயக்குநரானார். 1920–21இல் அதே நோய் மீண்டும் தலைதூக்கியபோது முன்னேற்பாடுகள் ஆயத்தமாக இருந்தன. உயிரிழப்பு சுமார் 9,000 என்ற அளவோடு நின்றது. சீன மருத்துவச் சங்கம் 1915இல் தோன்றக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். 1926இல் ஹார்பினில் மருத்துவக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அதே ஆண்டில் நுரையீரல் பிளேக் பற்றிய அவருடைய பெருநூலை உலக நாடுகள் சங்கம் வெளியிட்டது. 1930இல் சீனத் துறைமுகங்களின் நோய்த்தடுப்புச் சேவை உருவானபோது அதற்கும் அவரே தலைமை ஏற்றார். 1935இல் மருத்துவ நோபல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை என்றாலும், மலாயாவில் பிறந்த ஒருவர் அப்பரிசுக்கு முன்மொழியப்பட்டது அதுவே முதல் முறை.

புகழோடு துயரமும் தொடர்ந்து வந்தது. சீனாவில் வாழ்ந்த ஆண்டுகளில் தம் முதல் மனைவியையும் இரண்டு புதல்வர்களையும் அவர் பறிகொடுத்தார். 1931இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய ஜப்பானியர் உளவாளி என்று ஐயுற்று அவரைப் பிடித்து விசாரித்தனர். 1937இல் போர் ஷாங்காயை எட்டியபோது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் மலாயாவுக்கே திரும்பினார்.

ஈப்போவில் இறுதிக் காலம்

நாடு திரும்பிய வூ, ஈப்போவில் சாதாரணக் குடும்ப மருத்துவராகத் தொழில் நடத்தினார். உலக மாநாடுகளுக்குத் தலைமை தாங்கியவர் உள்ளூர் மக்களின் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்தார். ஜப்பானியர் ஆட்சியில் எதிர்ப்புப் படையினர் அவரைக் கடத்திச் சென்று பணம் பெற்றுக்கொண்டு விடுவித்தனர். அப்பணத்தைக் கொடுத்ததற்காகவே ஜப்பானியர் அவரைத் தண்டிக்கப் பார்த்தனர். அவரிடம் சிகிச்சை பெற்றிருந்த ஜப்பானிய அதிகாரி ஒருவரின் தலையீட்டால் உயிர் தப்பினார். போருக்குப் பின் பேராக்கில் பொது நூலகம் அமைய வீடு வீடாக நன்கொடை திரட்டினார். அந்நூலகமே இன்று ஈப்போவின் துன் ரசாக் நூலகமாக விளங்குகிறது.

1959இல் அவருடைய தன்வரலாற்று நூல் வெளிவந்தது. எண்பது வயதுவரை மருத்துவம் பார்த்தவர், ஓய்வுக் காலத்தைப் பிறந்த ஊரில் கழிக்க எண்ணிப் பினாங்கில் புதிய வீடு வாங்கினார். ஆனால் அங்கே நெடுநாள் வாழக் கொடுத்துவைக்கவில்லை. 1960 ஜனவரி 21ஆம் நாள் பக்கவாதத்தால் காலமானார். 2012இல் அவர் பெயரில் பினாங்கில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ஹார்பினில் அவருக்கு நினைவகம் உண்டு.

நாம் கற்க வேண்டியவை

இன்று பிளேக் நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் உள்ளன. உரிய நேரத்தில் கொடுத்தால் பிழைக்கலாம். ஆயினும் 2017இல் மடகாஸ்கர் தீவில் நுரையீரல் பிளேக் பரவி இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சளிக்காய்ச்சலும் காசநோயும் கோவிட்டும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. நுண்ணுயிர்கள் வேறு வேறு. அவை பயன்படுத்தும் பாதை ஒன்றுதான். மூச்சு, இருமல், தும்மல், பேச்சு ஆகியவற்றின் வழி வெளிப்படும் துளிகளில் பெரியவை அருகிலேயே விழுந்துவிடுகின்றன. மிக நுண்ணியவை மூடிய அறையின் காற்றில் நெடுநேரம் மிதக்கின்றன.

ஷான்டோங் தொழிலாளர்களின் விடுதியையும் நம் மாணவர் விடுதி அறையையும் ஒப்பிடுவது மிகையாகத் தோன்றலாம். ஆனால், சன்னல்களை அடைத்து, குளிர்சாதனத்தை முடுக்கி, நால்வர் ஐவராக இரவெல்லாம் தேர்வுக்குப் படிக்கும்போது காற்றின் கணக்கு ஏறத்தாழ அதேதான். அவ்வப்போது சன்னலைத் திறந்து வைப்பதும், இருமும்போது முழங்கையால் வாயை மறைப்பதும், கைகளைச் சவர்க்காரம் இட்டுக் கழுவுவதும், ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் பெரிய தியாகங்கள் அல்ல. காய்ச்சலோடு விரிவுரைக்கு வருவதை உழைப்பு என்று மெச்சும் பழக்கத்தையும் நாம் விட வேண்டும். நமக்கு அது இரண்டு நாள் தடுமல். அதே நுண்ணுயிர் வீட்டிலுள்ள பாட்டியை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடலாம். வார இறுதியில் வீட்டுக்குப் பேருந்து ஏறும் மாணவர் ஒவ்வொருவரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வூ லியன் தேவிடம் நாம் கற்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. எல்லாரும் எலியைத் தேடிக்கொண்டிருந்த வேளையில் அவர் நோயாளியின் மூச்சைக் கவனித்தார். பதவியில் மூத்தவர் மறுத்தபோது, தாம் கண்ட சான்றை விட்டுக்கொடுக்கவில்லை. வீண் சண்டையிலும் இறங்கவில்லை. பிறந்த நாடு உரிய இடம் தராதபோதும் கற்ற கல்வியை வீணாக்கவில்லை. கல்வியின் பயன் பட்டச் சான்றிதழோடு முடிவதில்லை. பிறர் உயிரைக் காக்க வேண்டிய நேரம் வரும்போது அக்கல்வி நமக்குத் துணை நிற்க வேண்டும். மூன்றடித் துணியையும் கொஞ்சம் பஞ்சையும் கொண்டு ஒரு நாட்டையே காத்த பினாங்கு மைந்தரின் வாழ்க்கை நமக்கு அதைத்தான் உணர்த்துகிறது.